‘மூலபாஷையில் பார்த்தால்’ என்று தொடங்குகிறவர்களுக்கு ஓர் அகராதி

கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் ‘இதை மூலபாஷையில் பார்த்தால்’ என்று ஆரம்பித்தால் என் கை தானாகக் குறிப்பேட்டைத் தேடும். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று யாராவது அடித்துச் சொன்னால், ‘எங்கே, எந்த வாக்கியத்தில்?’ என்று கேட்பது தொழில் பழக்கம். புதிய ஏற்பாட்டின் மூலபாஷையான கிரேக்கத்துக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அகராதி ஒன்றைப் பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கினேன். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதபாடத்துக்கு இப்போது அதுதான் துணை. வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அகராதியின் பெயர் நீளமானது: ‘புதிய ஏற்பாட்டுக்கும் பிற ஆதிக் கிறிஸ்தவ இலக்கியத்துக்குமான கிரேக்க-ஆங்கில அகராதி’. யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாவர், டாங்கர், ஆர்ன்ட், கிங்ரிச் என்று அதில் கைவைத்த நாலு பேரின் முதலெழுத்தைச் சேர்த்து பி.டி.ஏ.ஜி. என்பார்கள். இறையியல் படிக்கிற பிள்ளைகள் வாயில் அது ‘பீடாக்’. சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 2000-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு என்னிடம் இருக்கிறது. ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல். எழுத்து பொடி. விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இணையத்தில் வாங்கினேன், அட்டையின் ஒரு மூலை நசுங்கி வந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினால், ‘வாசிக்கத் தடையில்லையே அம்மா’ என்று பதில் வந்தது. அது உண்மைதான், விட்டுவிட்டேன்.

நம் சபைகளில் கிரேக்கம் என்றால் பெரும்பாலும் ஸ்ட்ராங் எண்தான். கைப்பேசியில் வசனத்தைத் தட்டினால் 26, 1411, 3056 என்று ஒரு எண் வரும், கீழே ஆங்கிலத்தில் நாலைந்து பொருள் வரும். அமெரிக்காவில் ட்ரூ இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்துவாக்கியத்திலிருந்து வந்த எண்கள் அவை. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது, அதற்கடியில் எந்த எபிரெய அல்லது கிரேக்கச் சொல் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க அவர் செய்த ஏற்பாடு. கிரேக்கத்துக்கு 5624 வரை எண் போகும். தேடுவதற்கு இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எண்ணுக்கு நேரே இருக்கிற பொருள் பட்டியல் மிகச் சுருக்கம். அந்தச் சொல்லை ஆங்கிலக்காரர்கள் எப்படியெல்லாம் மொழிபெயர்த்தார்கள் என்ற வரிசையும் அதிலேயே சேர்ந்திருக்கும். நாம் அதில் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மேடையேறிவிடுகிறோம்.

இலவசச் செயலிகள் ஸ்ட்ராங்குக்குத் துணையாகத் தருவது பெரும்பாலும் தேயரின் அகராதி. 1886-இல் வந்தது. நல்ல உழைப்புதான், குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது வந்து பத்து வருடம் கழித்துத்தான் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இருவர் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். வரி ரசீது, கடிதம், வாடகை ஒப்பந்தம், கல்யாண அழைப்பு என்று சாதாரண ஜனங்கள் எழுதிய பப்பைரஸ் என்ற நாணல் தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் தெய்வீகமான தனி பாஷை ஒன்றும் இல்லை, கடைத்தெருவில் பேசியதுதான் என்று ஜெர்மனியில் அடோல்ஃப் டைஸ்மன் எடுத்துக்காட்டியது இப்படிப்பட்ட பப்பைரஸ் தாள்களை வைத்துத்தான். வேதத்தில் மட்டுமே வரும் சொற்கள் என்று தேயர் நீளமாகப் போட்ட பட்டியல் அதன்பிறகு கரைந்துபோயிற்று. ஆக, தேயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘மூலபாஷை’ பேசுகிறவர்களுக்கு இந்தக் குப்பைமேடு முழுக்கவே விட்டுப்போகிறது.

வால்ட்டர் பாவர் அந்த இடைவெளியை நிரப்பியவர். ஜெர்மானியர். ப்ராய்ஷன் என்பவர் செய்திருந்த அகராதியைக் கையிலெடுத்து 1928-இல் திருத்தி வெளியிட்டு, பிறகும் பழைய கிரேக்க நூல்களை வாசித்து வாசித்து உதாரணம் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஆர்ன்ட்டும் கிங்ரிச்சும் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது 1957-இல். ஃப்ரெடரிக் டாங்கர் 1979 பதிப்பில் கிங்ரிச்சோடு சேர்ந்தார். 2000 பதிப்பை ஏறக்குறையப் புதிதாகவே ஆக்கியவர் அவர்தான். வேதத்தை எப்படி வாசிப்பது என்ற சண்டையில் 1974-இல் செயின்ட் லூயிஸ் லுத்தரன் செமினரியிலிருந்து பேராசிரியர்கள் கூட்டமாக வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். அந்த மனுஷரின் பிடிவாதம் அகராதியிலும் தெரியும், பிறகு சொல்கிறேன்.

டாங்கர் செய்த பெரிய மாற்றம் ஒன்று. பழைய அகராதிகளில் கிரேக்கச் சொல்லுக்கு நேரே ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும், அவ்வளவுதான். இந்தப் பதிப்பில் முதலில் தடித்த நேர் எழுத்தில் ஒரு விளக்கம், அந்தச் சொல் எந்த நிலைமையைக் குறிக்கிறது என்று முழு வாக்கியத் துண்டாக. அப்புறம்தான் தடித்த சாய்வெழுத்தில் மொழிபெயர்ப்புக்கு உதவும் சொற்கள். தமிழில் எழுதுகிற நமக்கு இந்த விளக்கம்தான் பொன். சாய்வெழுத்துச் சொல்லைப் பிடித்துத் தமிழாக்கினால் ஆங்கிலத்தைத்தான் தமிழாக்குகிறோம். விளக்கத்தை வாசித்துவிட்டு, ‘சரி, இந்த நிலைமைக்கு நம் ஊரில் என்ன சொல்லுவோம்?’ என்று யோசித்தால் வேறொரு சொல் வருகிறது.

விளக்கத்துக்குக் கீழே மேற்கோள்கள். ஹோமர் முதல் பிளேட்டோ, யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், பப்பைரஸ் தாள், செப்டுவஜின்ட் என்கிற கிரேக்கப் பழைய ஏற்பாடு, அப்புறம் புதிய ஏற்பாடு, அதற்குப் பின்வந்த ஆதித் திருச்சபைப் பிதாக்கள்.    சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பழகினவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. சொல், பொருள், அது வந்த இடம். இடம் சொல்லாத பொருளை நம்பாதே என்பதுதான் இரண்டுக்கும் கொள்கை.

டூனமிஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமர் 1:16-இல் சுவிசேஷம் ‘தேவபெலன்’ என்று வருகிறதே, அந்தப் பெலன். ‘இதிலிருந்துதான் டைனமைட் வந்தது, சுவிசேஷம் வெடிக்கும்’ என்று கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க முடியாது. நோபல் தன் வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1867-இல். பவுல் எழுதி ஆயிரத்து எண்ணூறு வருடம் கழித்து. பின்னால் வந்த பொருளை முன்னால் இருக்கிற நூலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் வருகிற கிழவனும் கிழத்தியும் தலைவன் தலைவி. அவர்களுக்கு நரை வைத்து வாசித்தால் அகத்திணை என்ன பாடுபடும்!

அகராதியில் டூனமிஸ் பதிவு பெரியது. வல்லமை, திறமை, அற்புதச் செயல், படை என்று போகிறது. தாலந்து உவமையில் எஜமான் ‘அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக’ கொடுத்தான் என்கிற இடத்தில் அதே டூனமிஸ். இன்னும் கீழே போனால் 1 கொரிந்தியர் 14:11. ‘பாஷையின் கருத்தை நான் அறியாமலிருந்தால்’ என்று நம் வேதாகமம் சொல்கிறதே, அந்தக் கருத்து என்பதும் மூலத்தில் டூனமிஸ்தான். ஒரு சொல்லின் பொருள் என்பதையே கிரேக்கத்தில் அதன் டூனமிஸ் என்பார்கள். அங்கே டைனமைட்டைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லைப் பெலன், திறமை, கருத்து என்று இடம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். பிரசங்கிதான் மூன்றையும் ஒன்றாக்கி வெடிக்கவைக்கிறார்.

அடுத்தது அகாபே. இதற்காகவே இந்த அகராதியை வாங்கலாம் என்பேன். அகாபே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலியோ என்றால் வெறும் நட்பு, ஆண்டவர் பேதுருவிடம் பெரிய அன்பைக் கேட்டார், பேதுருவால் சின்ன அன்பைத்தான் தரமுடிந்தது. யோவான் 21-க்கு இந்த வியாக்கியானம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பும் அங்கே ‘அன்பாயிருக்கிறாயா’ என்று கேட்கவைத்து ‘நேசிக்கிறேன்’ என்று பதில் சொல்லவைக்கிறது, ஆகையால் தமிழில் வாசிக்கிறவருக்கும் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று தோன்றும். அகராதி என்ன சொல்கிறது? இந்த இடத்தில் இரண்டு வினைச்சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாறி வருவதாகத் தெரிகிறது என்று சொல்லி, காரணமும் காட்டுகிறது. அதே அதிகாரத்தில் மேய்ப்பதற்கு இரண்டு சொல், ஆட்டுக்கு இரண்டு சொல், வலை இழுப்பதற்கு இரண்டு சொல். யோவானுக்குச் சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது எழுத்துப் பழக்கம். ஆட்டுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் இடையில் யாரும் உபதேசம் கட்டுவதில்லையே, அன்புக்கும் நேசத்துக்கும் இடையில் மட்டும் ஏன்?

இதை எடுத்துக்கொண்டு நானே கொஞ்சம் தோண்டினேன். பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்று யோவான் 3:35-இல் வருவது அகாபே குடும்பத்து வினை. 5:20-இல் அதே செய்தி, ஆனால் வினை ஃபிலியோ. பிதா குமாரனை நண்பனாகத்தான் நினைத்தார் என்று எந்தப் பிரசங்கியாராவது சொல்வாரா? நம் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ‘அன்பாயிருந்து’தான். 2 தீமோத்தேயு 4:10-இல் பவுலோடு இருந்த தேமா ‘இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து’ ஓடிப்போனானே, அந்த ஆசையும் அகாபே வினையே. செப்டுவஜின்ட்டில் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரம் திறந்து பாருங்கள். அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் வைத்தது, எதன் முடிவில் அவளைக் கெடுத்துத் தெருவில் தள்ளினானோ, அதற்கும் அகாபே என்றே எழுதியிருக்கிறது. எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூத்த அக்கா ஒருவர், ‘அப்போ சொல்லிலே ஒண்ணும் இல்லே, ஆளு யாரு, என்ன செஞ்சாருன்னுதான் பாக்கணும்’ என்றார். அந்த அக்காவுக்குக் கிரேக்கத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

லோகோஸ்-ரேமா விவகாரம் சீக்கிரம் முடிந்துவிடும். எழுதப்பட்ட வார்த்தை லோகோஸ், உனக்கென்று இன்று வருகிற வார்த்தை ரேமா என்று ஒரு பிரிவு ஓடிக்கொண்டிருக்கிறது. 1 பேதுரு 1:23-இல் நாம் ஜெநிப்பிக்கப்பட்ட தேவவசனம் லோகோஸ். இரண்டு வசனம் தள்ளி, என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் கர்த்தருடைய வசனம் ரேமா. பேதுரு அதே வசனத்தைத்தான் பேசுகிறார். மேலே எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வருடமும் சத்திரக்காரன் வேடத்துக்குத்தான் போட்டி. ஒரு வரி வசனம், ஒரு விளக்கு, தலைப்பாகை, போதாதா. லூக்கா 2:7-இல் சத்திரக்காரன் என்று ஒருவன் கிடையாது என்பது கவனித்து வாசிக்கிற எவருக்கும் தெரியும். சத்திரமே இருந்ததா என்பதுதான் கேள்வி. அங்கே மூலச்சொல் கட்டாலுமா. அகராதிப் பதிவு சின்னது, ஆனால் ஒழுங்காக வழக்காடுகிறது: சத்திரம் என்ற பொருள் வரக்கூடும்தான், ஆனால் நல்ல சமாரியன் கதையில் லூக்காவே சத்திரத்துக்கென்று இருக்கிற பாண்டோகையோன் என்ற சொல்லைப் போடுகிறார், 22:11-இல் கட்டாலுமா என்பது கடைசிப் பந்திக்குக் கேட்ட வீட்டு விருந்தினர் அறை, ஆகையால் இங்கேயும் தங்குமிடம் அல்லது விருந்தினர் அறை என்பதே பொருந்தும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 2:7, 10:34 இரண்டிலும் ‘சத்திரம்’ என்றே இருக்கிறது. மூலத்தில் இரண்டும் வேறு சொல் என்பது தமிழ் மட்டும் வாசித்தால் தெரியவே வழியில்லை. சொந்தக்காரர் வீடு, ஜனம் நிரம்பிவிட்டது, பிள்ளைபெற இடம் பற்றவில்லை, மாடு கட்டும் பக்கம் ஒதுங்கினார்கள் என்று வாசித்தால் கதை நம் ஊர் கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சத்திரக்காரன் வேடத்தை எடுத்துவிடலாமா என்று ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் கேட்டேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் நான்தான் பேசவேண்டும் என்றார். வேடம் அப்படியே இருக்கிறது.

தூலோஸ் பதிவில் டாங்கர் வைத்திருக்கிற ஒரு குத்தல் எனக்கு மிகவும் பிடித்தது. அடிமை என்ற பொருளுள்ள இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் வேலைக்காரன் என்று மென்மைப்படுத்துவது வேத மொழிபெயர்ப்புகளிலும் பழைய அமெரிக்க வழக்கிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது என்கிறார். அடிமைகளை வைத்திருந்த தேசம் அடிமை என்று சொல்லக் கூச்சப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். நம் வேதாகமத்தில் கிறிஸ்து ‘அடிமையின் ரூபமெடுத்து’ வருகிறார், பவுல் பரிந்து கடிதம் எழுதிய ஒநேசிமுவும் அடிமை. ஆனால் ரோமர் 1:1-இல் பவுல் ‘ஊழியக்காரன்’. மொழிபெயர்த்த காலத்தில் ஊழியம் என்பது தாழ்ந்த வேலைதான், சொல் பொருந்தியிருக்கும். இன்றைக்கு ஊழியக்காரர் என்றால் ஃப்ளெக்ஸ் போர்டில் கோட்டு சூட்டோடு சிரிக்கிறவர் அல்லவா நினைவுக்கு வருகிறார்? பவுலின் முதல் வரி நம் காதில் பதவிப் பெயராக விழுகிறது. அகராதியைத் திறந்தால் மறுபடியும் அடிமை.

சில பதிவுகளின் கடைசியில் ‘எம்-எம்’ என்று ஒரு குறி கிடக்கும். மோல்ட்டன், மில்லிகன் என்ற இருவர் பப்பைரஸ் தாள்கள், கல்வெட்டுகள் போன்றவற்றிலிருந்து திரட்டிய இன்னொரு சொல்நூலுக்கு அது வழிகாட்டி. பழைய நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அந்த வழியில் போனால் நேரம் போவது தெரியாது. 2 தெசலோனிக்கேயர் 3-இல் பவுல் ‘ஒழுங்கற்று’ நடக்கிறவர்களைக் கண்டிக்கிறார், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்கிறாரே, அந்த இடம். ஒழுங்கற்று என்பதன் வினை, கி.பி. 66-ஆம் வருடத்து ஆக்சிரிங்கஸ் தாள் ஒன்றில் வருகிறது. திரிஃபோன் என்பவர் தன் மகன் தோயோனிஸை டாலமாயோஸ் என்ற நெசவாளியிடம் ஒரு வருடம் தறி பழக விடுகிறார். ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பையன் எத்தனை நாள் மட்டம் போடுகிறானோ அத்தனை நாள் வருடம் முடிந்தபின் வந்து வேலைசெய்யவேண்டும், இல்லாவிட்டால் அப்பா நாளுக்கு ஒரு வெள்ளி திராக்மா கட்டவேண்டும். மட்டம் போடுவதற்கு அங்கே பவுலின் சொல்! பவுல் தன் கடிதங்களை எழுதிய அதே காலத்துக் காகிதம். ‘ஒழுங்கற்று’ என்பதைக் குடி கூத்து என்று நினைத்திருந்த எனக்கு, தறிக்கு வராமல் ஊர்சுற்றும் பையன் கண்ணில் வந்து நின்றான். கோட்டாறு, சங்கரன்கோவில் பக்கம் நெசவுக் குடும்பங்களில் இந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. ஆனாலும் இதற்காக உடனே ‘சோம்பேறி’ என்று மாற்றிவிடமுடியாது. ஒழுங்கை மீறுதல் என்ற பொதுப்பொருளைப் பி.டி.ஏ.ஜி. விட்டுக்கொடுப்பதில்லை. அப்படி நிதானம் பண்ணுகிற அகராதி எனக்கு வேண்டியிருக்கிறது.

இனி குறைகள்.

முதலாவது, கிரேக்க எழுத்து தெரியாமல் இதை வாங்குவது வீண். எழுத்து தெரிந்தாலும் போதாது. யோவான் 3:16-இல் ‘அன்புகூர்ந்தார்’ என்பது மூலத்தில் ஏகாப்பேசென். ‘ஏ’ வரிசையில் போய்த் தேடினால் கிடைக்காது. அது அகாப்பாவோவின் இறந்தகாலம், ‘அ’ வரிசையில் இருக்கும். வினைத்திரிபு கொஞ்சமாவது படித்திருக்கவேண்டும். நான் ஓர் இறையியல் கல்லூரியின் அஞ்சல்வழிப் பாடத்தில் ஆரம்ப இலக்கணம் படித்திருந்ததால் தப்பித்தேன்.

இரண்டாவது, சுருக்கக்குறிகள். முன்பக்கங்களில் இருக்கிற குறிப்பட்டியலுக்கும் பதிவுக்கும் விரல் வைத்து ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் சில மாதம் தலைவலிதான். லோகோஸ், அக்கார்டன்ஸ் ஆகிய மென்பொருள்களில் இதே அகராதியைக் காசு கொடுத்து வாங்கலாம். அதில் குறிமேல் தொட்டால் விரிவு வரும், வசனம் தானே திறக்கும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு அதுதான் சரி. எனக்குத் தாளில் பென்சிலால் கோடு போடவேண்டும், அதனால் புத்தகம்.

மூன்றாவது குறை பெரியது, யாரும் அதிகம் சொல்வதில்லை. எந்த வசனம் எந்தப் பொருளுக்குக் கீழே என்று வகைபிரித்து வைப்பது அகராதிக்காரரின் தீர்ப்பு. அது வியாக்கியானம். ஹிலாஸ்டேரியோன் என்று ஒரு சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 3:25-இல் அது ‘கிருபாதாரபலி’, எபிரெயர் 9:5-இல் ‘கிருபாசனம்’. அகராதியும் ஏறக்குறைய அப்படியே பாவநிவிர்த்தியின் வழி என்று ஒன்று, அதன் இடம் என்று ஒன்று எனப் பிரித்து எண் போட்டிருக்கிறது. லூத்தர் தன் ஜெர்மன் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் கிருபாசனம் என்றே போட்டார். உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைத்தான் பவுல் நினைத்தாரா, பலியை நினைத்தாரா என்பது அறிஞர்களுக்குள் தீராத வழக்கு. அகராதியில் எண் 1, எண் 2 என்று அச்சில் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். முடியவில்லை. ஜான் லீ என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 2003-இல் எழுதிய அகராதி வரலாற்றில், புதிய ஏற்பாட்டு அகராதிகள் முந்தியவற்றிலிருந்து பொருளைப் பெயர்த்து எழுதியே நூற்றாண்டுகளாக ஓட்டியிருக்கின்றன என்று தடயம் காட்டுகிறார். பாவருக்கும் அதில் பங்கு உண்டு.

டாங்கரின் பிடிவாதம் என்றேனே, அது இங்கே. யூதாயோஸ் பதிவில், யூதர் என்று வெறுமனே மொழிபெயர்த்ததால் அளவிடமுடியாத தீங்கு விளைந்திருக்கிறது என்று அகராதிக்குள்ளேயே எழுதி, யூதேயர் என்பதை முன்வைக்கிறார். யோவான் சுவிசேஷத்தின் ‘யூதர்களுக்குப் பயந்து’ போன்ற வரிகள் ஐரோப்பாவில் என்ன செய்தன என்று தெரிந்தவர்களுக்கு அவருடைய ஆதங்கம் புரியும். ஆனால் அப்படி மாற்றினால் நூலிலிருந்து யூதர்களே காணாமல் போய்விடுகிறார்கள் என்று ஆமி-ஜில் லெவின் போன்ற யூத அறிஞர்கள் மறுத்தார்கள். எனக்கு இதில் லெவின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அகராதி இவ்வளவு வெளிப்படையாகக் கட்சி கட்டுவது ஒருவிதத்தில் நல்லதுதான், எங்கே சண்டை இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஹிலாஸ்டேரியோன் பதிவில்தான் அது தெரிவதில்லை.

சில சொற்களுக்கு இந்த அகராதியாலும் ஒன்றும் செய்யமுடியாது. பரமண்டல ஜெபத்தில் ‘வேண்டிய ஆகாரம்’ என்கிறோம், கத்தோலிக்கர் ‘அனுதின உணவு’ என்கிறார்கள். மூலத்தில் எபியூசியோஸ். மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன், சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலிருக்கிறது என்று கைவிரித்துவிட்டார். ஜெரோம் லத்தீனில் லூக்காவுக்கு அன்றாட என்றும் மத்தேயுவுக்கு உலகப்பொருளுக்கு மேலான என்றும் இரண்டுவிதமாகப் போட்டார். 1889-இல் எகிப்தில் கிடைத்த வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றில் இந்தச் சொல் இருப்பதாக ஒருவர் பதிப்பித்தார், ஆகா என்று எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், தாள் தொலைந்துபோயிற்று. 1998-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி வாசித்தால் அது ‘எண்ணெய்’! பதிவு பல சொற்பிறப்பு விளக்கங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. இன்றைக்கு வேண்டியது, நாளைக்கு வேண்டியது, பிழைக்க வேண்டியது என்று. படித்து முடித்தபின் நான் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளரைத்தான் மெச்சினேன். ‘வேண்டிய’ என்று போட்டு எல்லாவற்றுக்கும் இடம் வைத்துவிட்டார்.

யார் வாங்கலாம்? செமினரியில் படிக்கிறவர்கள், வேதபாட நூல் எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்புக் குழுவில் இருக்கிறவர்கள் கட்டாயம். பிரசங்கம் செய்கிற போதகர்மார் கையில் இது இருந்தால் சபைக்கு நல்லது, ஆண்டு விழாவில் சால்வைக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம். வீட்டில் வேதம் வாசிக்கிறவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. கேம்பிரிட்ஜில் இருக்கிற டிண்டேல் ஹவுஸ் நடத்தும் ஸ்டெப் பைபிள் என்ற இணையதளம் இலவசம். கிரேக்கச் சொல்லைத் தொட்டால் அதன் வேர்வடிவம் வரும், அந்தச் சொல் வேறெங்கே வருகிறது என்று முழுப் பட்டியலும் வரும். அதன் கீழே ஆபட்-ஸ்மித்தின் 1922 அகராதி. பப்பைரஸுக்குப் பிறகு வந்தது, செப்டுவஜின்ட்டில் எந்த எபிரெயச் சொல்லுக்கு இது ஈடாக வந்தது என்றும் சொல்லும். கைப்பேசியில் ஸ்ட்ராங் எண் பார்க்கிறவர்கள் முதலில் இங்கே மாறினால் போதும். இன்னும் வேண்டுமென்றால் டாங்கரே 2009-இல் சுருக்கமான அகராதி ஒன்று கொண்டுவந்தார். மேற்கோள் கிடையாது, விளக்கம் உண்டு, விலையும் குறைவு.

பெரியதைத்தான் வாங்குவேன், ஆனால் பழைய புத்தகமாக என்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1957, 1979 பதிப்புகளும் சந்தையில் கிடைக்கின்றன. இணையப் படத்தில் அட்டையை வைத்து ஆண்டு சொல்லமுடியாது, 1979 பதிப்பிலும் டாங்கர் பெயர் இருக்கும். எந்தப் பக்கத்தையாவது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தடித்த நேர் எழுத்தில் விளக்கமும் அதன்பின் சாய்வெழுத்தும் இருந்தால் 2000 பதிப்பு. எண்ணுக்கு நேரே சாய்வெழுத்துச் சொல் மட்டும் இருந்தால் பழையது, பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.